கடைசி டோக்கன்

போன வாரம் பெரியவளைக் கையில் போனோடு வாயடைத்து நிற்க வைத்துவிட்டு, நாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இரவெல்லாம் அப்படியேதான் இருந்தாள். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கதைக்குள் போகலாம்.

பெரியவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, ஊர் நாலு விதமாகப் பேசிய நேரத்தில், அவளைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் டாக்டர். அவளுடைய தங்கை சின்னவள், எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். சின்னவளின் கணவன் லிஃப்ட் மெக்கானிக்; வாயால் பேசாமல் கைவேலையால் பேசுகிற ரகம். அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. இவ்வளவுதான் குடும்பம். இவர்கள் எல்லோருக்கும் மேலே, தெய்வத்துக்கு ஒரு படி கீழே, டாக்டர்.

ஊருக்கு வெளியே பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றை வாங்கிச் சுண்ணாம்பு அடித்துக் குடியேறியிருக்கிறது ஒரு கூட்டம். தங்களைக் 'கூடம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். சாம்பல் நிறச் சால்வை போர்த்திக்கொள்வார்கள். துக்கத்துக்கெல்லாம் வேர் உறவு, உறவை விட்டால் துக்கம் விடும் என்பது அவர்கள் வேதம். உள்ளே போனவர்கள் வீட்டு வாசலை மறுபடி மிதித்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. வழக்குகூட நடக்கிறது. அதனால்தானோ என்னவோ, அவர்களிடம் ஒரு விதி உண்டு. உள்ளே போகிறவரின் இரத்த உறவில் ஒருவர், எல்லோர் முன்னாலும் 'விட்டுவிட்டேன்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்கு 'விடை கொடுப்பது' என்று பெயர். நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு வாய் வேண்டாமா?

சின்னவள் போனில் சொன்னது அதைத்தான். நாளைக்குச் சாயங்காலம் கூடத்துக்குள் போகிறேன், நீ வந்து விடை கொடுத்துவிடு என்றாள், கல்யாண வீட்டுக்கு நேரத்தோடு வந்துவிடு என்பதுபோல.

பெரியவளைப் பயமுறுத்தியது பிரிவு மட்டும் இல்லை. சின்னவளுக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு. ஒரு முறை அடுப்படியில் விழுந்து தோளெல்லாம் வெந்து போனவள். மாத்திரைதான் அவளை இத்தனை வருடம் நிமிர்த்தி நிற்க வைத்தது. கூடத்தில் மாத்திரை, மருந்து எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே போனால் அவள் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விதான் பெரியவளைத் தூங்கவிடவில்லை.

டாக்டர் ஒரு சொல் சொன்னால் போதும், சின்னவள் நின்றுவிடுவாள். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு விடிந்ததும் கிளினிக்கைத் திறந்தாள்.

பெருக்கினாள். எடை பார்க்கும் இயந்திரத்தைத் துடைத்தாள். பிளாஸ்டிக் வில்லைகளாக இருக்கும் டோக்கன்களைக் கம்பியில் வரிசையாகக் கோத்து வைத்தாள். எல்லாம் நீலம், கடைசி ஒன்று மட்டும் சிவப்பு. சிவப்பு வந்தால் ஆட்டம் முடிந்தது, கதவைச் சாத்தலாம் என்று அர்த்தம். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனம் வாசலிலேயே கிடந்தது.

டாக்டர் வந்தார். வழக்கம்போலச் செருப்பை ஓரமாக விட்டார், வழக்கம்போல எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பு, வழக்கம்போல நெடுநேரம் கை கழுவினார். முதல் ஆளை அனுப்பாமல் பெரியவளே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. தங்கை போன் செய்ததைச் சொன்னாள். தனக்கு முன்பே தெரியும் என்றார் அவர். போக வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். தான் போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்று சொல்லப்போவதும் இல்லை என்றார். அவர் குரல் அப்போதும் காய்ச்சல்காரர்களின் நெற்றியைத் தொடும் குரலாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"மாத்திரை டாக்டர். அதை நிறுத்திடுவாங்க."

"நிறுத்தியாச்சும்மா. ரெண்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா நான்தான் குறைச்சேன்."

ஒரு வேளை மாத்திரை தவறினதற்கு அம்மாவை நிற்க வைத்துத் திட்டியவர் இவர். பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டவர். அம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, மாத்திரைக்காகவே ஒரு அலாரக் கடிகாரம் வாங்கினாள். அதையெல்லாம் பெரியவள் அவரிடமே சொன்னாள்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் மனைவி படுக்கையில் கிடந்த காலத்தில், படித்த படிப்பெல்லாம் சேர்ந்து அவளுக்கு ஒரு நல்ல தூக்கத்தைக்கூடக் கொடுக்கவில்லையாம். அவள் போன பிறகு அவருக்கும் தூக்கம் போயிற்றாம். கூடம்தான் அவரைத் தூங்க வைத்ததாம். மனசு அடங்கினால் நரம்பு தானாக அடங்கும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெரியவளுக்கு மனிதர்களைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். பொய்யைப் பார்த்தால் தெரியும். அவர் ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் சொன்னார். ஏமாற்றுக்காரனாக இருந்தால்கூட நாலு கேள்வி கேட்டு மடக்கலாம். நம்புகிறவனை என்ன செய்வது?

இருந்தாலும் கேட்டாள். கிளினிக்குக்கு வந்துபோன சிலர் கூடத்தில் சேர்ந்தது எப்படி என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கிளினிக்குக்கு வருகிறவர்களை இப்படி ஆள் பிடித்து அனுப்புவது நியாயமா, வேலியே பயிரை மேய்ந்தால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவரை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் யாரையும் தேடிப் போகலையேம்மா. காலைலேர்ந்து வர்றவங்களுக்கு மருந்து எழுதுறேன், அனுப்புறேன். கடைசி டோக்கன்ல வர்றவங்ககிட்ட மட்டும்தான் உட்கார்ந்து பேசினேன். அது யாருன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா? நீதான் பார்த்துப் பார்த்துக் குடுத்த. நல்ல கண்ணு உனக்கு. ஒருத்தரைக்கூட நீ தப்பா அனுப்பினதில்ல."

பாராட்டித்தான் சொன்னார். பெரியவள் வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் ஆளை உள்ளே அனுப்பினாள். ஒரு பெரியவர் இருமலோடு வந்து டோக்கன் கேட்டார், கொடுத்தாள். எந்த நிறத்தைக் கொடுத்தோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை.

வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும், யாருக்கு உடம்பு, யாருக்கு மனசு என்று. கண் வீங்கி வருகிறவர்களையும், வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வயிற்றைத் தொடாமல் மார்பைத் தொடுகிறவர்களையும் நடுவில் அனுப்பினால் பாவம், பின்னால் நிற்கிற கூட்டம் இருமியே துரத்திவிடும். கடைசியாகப் போனால் டாக்டர் கடிகாரம் பார்க்க மாட்டார். அதனால் சிவப்பு வில்லையைக் கம்பியிலிருந்து கழற்றி மேசைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்து, இப்படிப்பட்டவர்களாகப் பார்த்துக் கொடுப்பாள். சம்பளத்துக்கு மேல் அவள் தானாகச் செய்த புண்ணியம் அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தையற்கடைக்காரரின் விதவைக்குக் கொடுத்தாள். அவள் இப்போது கூடத்தில். நிச்சயம் முறிந்துபோன வங்கிப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அவளும் கூடத்தில். மகனை விபத்தில் இழந்த பள்ளி வேன் ஓட்டுநர், வேன் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் இவள் கொடுத்ததுதான். கூடத்துக்குப் போன செய்தி காதுக்கு வரும்வரை, இவர்கள் மறுபடி கிளினிக்குக்கு வராதபோது குணமாகிவிட்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாளே, அதை நினைத்தால்தான் நெஞ்சு வெந்தது.

சின்னவளை மட்டும் விட்டாளா? சொந்தத் தங்கையாயிற்றே. யாருக்கும் கொடுக்காமல் வாரக்கணக்கில் அவளுக்கென்றே எடுத்து வைத்தாள். தூக்கமில்லாமல் கண் செருகிக் கிடந்தவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, உள்ளங்கையில் வைத்து மூடி, போய் மனசுவிட்டுப் பேசு என்று அனுப்பினாள்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ டோக்கன் கேட்டார்கள். பெரியவள் கம்பியோடு எல்லாவற்றையும் மேசையில் போட்டாள், பையை எடுத்துக்கொண்டாள், வெயிலில் இறங்கி நடந்தாள். இன்னும் எத்தனை பேர் என்று பின்னால் ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

தங்கை வீடு இரண்டாம் மாடியில். மெக்கானிக் தன் வீட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தான், கருவிப் பை காலடியில். வேலைக்குக் கிளம்பியவன் படியோடு நின்றுவிட்டான் போலிருக்கிறது. பெரியவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டான்.

"சண்டைகூடப் போட மாட்டேங்குறாக்கா" என்றான். "முன்னெல்லாம் ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா வீடே ரெண்டாகும். இப்ப நான் என்ன செஞ்சாலும் சிரிக்கிறா. ஒரு அறை விட்டுட்டுப் போனாக்கூடத் தாங்கிப்பேன்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. மாத்திரை நின்றுபோனது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது. டப்பாவில் மாத்திரை குறைந்துகொண்டுதான் வந்ததாம். தினமும் ஒன்றை எடுத்துக் கழுவுமிடத்தில் போட்டிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. பெரியவள் அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

வீடு பளிச்சென்று இருந்தது. அதுவே பயமாக இருந்தது. பாத்திரமெல்லாம் துலக்கிக் கவிழ்த்திருந்தது. கணவனின் சட்டைகள் பட்டன் தைத்து, மடித்து, அடுக்கியிருந்தன. எடுத்துக்கொண்டு போக அவள் எதையும் கட்டி வைக்கவில்லை. கூடத்துக்குள் வெறுங்கையோடுதான் போக வேண்டும். சின்னவள் மெலிந்திருந்தாள். ஆனால் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போயிருந்தது. அதைப் பார்த்ததும் பெரியவள் சொல்ல வந்ததை விட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றால் ஆகுமா? கொட்டித் தீர்த்தாள். கட்டினவனை நினைத்தாயா, அப்பாவை நினைத்தாயா, அடுப்படியில் விழுந்ததை மறந்துவிட்டாயா என்றாள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், மாத்திரையை மட்டுமாவது போடு, பிறகு எந்தச் சாமியாரிடம் வேண்டுமானாலும் போ என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே டப்பாவிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துத் தங்கையின் கையில் திணித்தாள்.

சின்னவள் வாங்கிக்கொண்டாள். அக்காவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"நீ அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போகலேன்னா நான் இருந்திருக்க மாட்டேன்க்கா. மொட்டை மாடிக் கதவு எப்பத் திறந்திருக்கும்னு பார்த்துட்டிருந்தேன். எல்லாரும் என்ன சொன்னீங்க? இன்னொண்ணு பொறக்கும்னீங்க. நீயும்தான் சொன்ன. அப்பாவும் சொன்னார். டாக்டர் ஒருத்தர்தான் அந்தக் குழந்தையப் பத்திக் கேட்டார். தலைல முடி இருந்துச்சா, விரல் யாரு மாதிரின்னு கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுட்டே இருந்தார். நீங்க யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று பயந்து, வீடே சேர்ந்து அந்தப் பிள்ளையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தொட்டிலை மெக்கானிக் இரவோடு இரவாக எங்கோ கொடுத்துவிட்டான். அதுதான் நல்லது என்று பெரியவளும் நினைத்தாள். நாம் விட்ட இடத்தை யாரோ வந்து பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இது புரிந்தபோது பெரியவளுக்குத் தங்கைமேல் இருந்த கோபம் தன்மேலேயே திரும்பியது.

"விரல் யாரு மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. "இப்ப அது எனக்கு வேண்டாம்க்கா. விட்டுட்டேன்" என்றாள்.

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று பெரியவளுக்குத் தெரிந்தது. ஆனால் தங்கை கூடத்துக்குள் போகும் வழியில் ஒரு கதவு இன்னும் சாத்தியிருந்தது. விடை. நான் அங்கே வருவேன், வாய் திறந்து 'விடமாட்டேன்' என்று சொல்வேன், தெரிந்துகொள் என்றாள். சின்னவள் தலையாட்டிக்கொண்டாள். நீ சொல்லாவிட்டால் யாராவது சொல்கிறவரை வாசலில் காத்திருப்பேன் என்றாள்.

படியிறங்கும்போது மெக்கானிக்கிடம் தைரியம் சொன்னாள். அவன் தாலி கட்டியவன்தான், ஆனால் இரத்த உறவு இல்லை. அவன் சொல் அங்கே கணக்கில் வராது. இரத்த உறவு என்று இருப்பது இரண்டே பேர். நான் சொல்லப்போவதில்லை. அப்பா செத்தாலும் சொல்ல மாட்டார். பெற்ற மனம் பித்து ஆயிற்றே. வேறு யார் இருக்கிறார்கள்? வாசலில் எத்தனை நாள் உட்காருவாள்? பசித்தால் வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும். அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அப்பாவுக்கு ஒரு போன் போட்டாள். எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கூடத்தின் உள்முற்றம் சுத்தமாக இருந்தது. ஒரு படம் இல்லை, விளக்கு இல்லை, பாட்டு இல்லை. சாம்பல் சால்வைகள் இரண்டு பக்கமும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தையற்கடைக்காரரின் விதவை இருந்தாள். வங்கிப் பெண் இருந்தாள். இருவரும் இவளைப் பார்த்தார்கள். பார்த்தும் யாரோ தெருவில் போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நடுவில் சின்னவள் நின்றாள். மெக்கானிக் பெரியவளுக்குப் பின்னால், கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி.

தலை நரைத்த அம்மாள் ஒருத்தி எழுந்தாள். கோபமோ மிரட்டலோ இல்லை. மளிகைக் கடையில் பாக்கி கேட்கிற குரல்கூட இல்லை. இவளுடைய இரத்தத்தில் யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

பெரியவள் முன்னால் வந்தாள்.

"நான் இவ அக்கா. நான் விடமாட்டேன். இவளுக்கு வலிப்பு இருக்கு, மாத்திரை இல்லாம நீங்க வச்சிருந்தீங்கன்னா அது கொலை. நான் விடமாட்டேன், எங்க வீட்ல யாரும் விடமாட்டாங்க."

நரைத்தலை அம்மாள் தலையசைத்தாள், கடையில் இல்லாத சரக்கைக் கேட்டவரிடம் இல்லை என்று தலையசைப்பதுபோல. சின்னவள் தலை குனிந்தாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பெரியவளுக்குத் தான் ஜெயித்துவிட்டதாகத் தோன்றியது.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். டாக்டர் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சலவைச் சட்டையும் வாரிய தலையுமாக, டிப்போவுக்குப் போகும் நாட்களில் போல நேரம் தவறாமல், அப்பா வந்தார்.

பெரியவள் கிளினிக்கை விட்டுக் கிளம்பிய பிறகு மதியம் டாக்டர் நேரே அப்பாவிடம்தான் போயிருக்கிறார். என்ன பேசினார் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. உங்கள் பெண் நிம்மதியாக இருக்க இதுதான் வழி, நீங்கள் மனசு வைக்க வேண்டும் என்றாராம். அப்பாவுக்கு மார்பு அடைத்த அன்று ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார் அப்பா.

"அப்பா, வேண்டாம்" என்றாள் பெரியவள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. சின்னவளைப் பார்த்தார். சின்னவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், பரிசு வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. டாக்டரின் கை அவர் முதுகில் இருந்தது.

"விட்டுட்டேன்" என்றார்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சால்வை போர்த்தினார்கள். மெக்கானிக் அவள் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. உள்கதவுப் பக்கம் நடந்தவள், நினைவு வந்தவளாக, கையில் மடக்கி வைத்திருந்த மாத்திரை அட்டையை நரைத்தலை அம்மாளிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் அதைக் கொண்டுவந்து பெரியவளிடம் நீட்டி, இது இங்கே தேவைப்படாது என்றாள். வெளியாட்கள் வெளியேறும்படி இன்னொருவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பெரிய கதவு சாத்தப்பட்டது. அது கிடங்குக் கதவு, தகரம் அடித்தது. சாத்தினால் உள்ளே இருப்பது எதுவும் கண்ணில் படாது.

வாசலில் நால்வரும் நின்றார்கள். டாக்டர் கார்ச் சாவியை எடுத்தார்.

"காலைல கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்மா" என்றார் பெரியவளிடம். "நீ பாதியில கிளம்பிட்ட, இன்னைக்குக் கூட்டத்தைச் சமாளிக்க முடியல."

அப்பா பெரியவளின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இது என்ன, சின்னவ மாத்திரையா? இதை உள்ள குடுக்க மறந்துட்டியா?"

"இல்லப்பா. அவளே திருப்பிக் குடுத்துட்டா. உள்ள மாத்திரை கிடையாது. ரெண்டு மாசமா குறைச்சு டாக்டரே நிறுத்திட்டார்."

அப்பா டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லலியே."

"நீங்க கேட்கலியே ஐயா."

கேட்கவில்லைதான். டாக்டரிடம் என்ன கேள்வி கேட்பது? நாக்கை நீட்டு என்றால் நீட்டியும், சட்டையைக் கழற்று என்றால் கழற்றியும் வளர்ந்த குடும்பம் அது. அப்பா தன் வாழ்நாளில் எந்த பஸ் எத்தனை மணிக்கு ஏன் தாமதம் என்று கேட்காத டிரைவர் இல்லை. இவரிடம் மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து, பழக்க தோஷத்தில் நாடி பார்த்தார். படபடப்பு அதிகமாக இருக்கிறது, இனி அவளை நினைக்காமல் இருக்கப் பழகுங்கள், இரண்டு நாள் கழித்து வந்து என்னைப் பாருங்கள் என்றார். அப்பா கையை உருவிக்கொண்டார். டாக்டர் அதற்கும் வருத்தப்படவில்லை. காரில் ஏறிப் போனார்.

அப்பா யாரிடமென்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார், என் உயிரைக் காப்பாற்றியவர், அவர் கேட்டு நான் எப்படி இல்லை என்பது, எப்படி இல்லை என்பது என்று.

"அவர் காப்பாத்தினது உங்க உயிரை. அதுக்கு நீங்க குடுத்துட்டு வந்தது அவ உயிரைப்பா" என்றாள் பெரியவள்.

சொன்ன சொல் அப்பாவைவிட அவளைத்தான் அதிகம் சுட்டது. ஒரு நாற்காலிக்கு நன்றியாக அவள் எத்தனை பேரைக் கொடுத்தாள்? அப்பாவாவது ஒருத்தியோடு நின்றார்.

அப்பா திரும்பி நடந்து, தகரக் கதவை உள்ளங்கையால் அடித்தார். மெக்கானிக் தடுக்கப் போனான். பெரியவள் அவனைப் பிடித்து நிறுத்தினாள். அடிக்கட்டும். அப்பா அடித்தார். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், நான் விடவில்லை, கதவைத் திறங்கள் என்றார். எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அவர் நிறுத்தவில்லை.

கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது. கதவு திறக்கவில்லை. யார் என்று மட்டும் ஒரு குரல் கேட்டது.

"அப்பா வந்திருக்கேன்மா" என்றார் அவர்.

பெரியவள் கதவில் காதை வைத்தாள். மிக அருகில், தகரத்துக்கு அந்தப் புறம், யாரோ மூச்சு விடுவது தெரிந்தது.

"இங்க யாருக்கும் அப்பா கிடையாதுங்க. போயிட்டு வாங்க."

அது சின்னவளின் குரல்.